பம்ப் ஸ்டாக், சைலன்சர், மேகசின்: சட்டச் செய்திகளுக்கான சொற்கள்

அன்புடையீர், வணக்கம்.

துப்பாக்கியில் பொருத்தும் பம்ப் ஸ்டாக் என்பதற்குத் தமிழில் இதுவரை இந்த இழையில் மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: முட்டுக்கட்டை, அதிவேகக் கட்டை, தானியங்கி மாற்றி. மூன்றும் வேண்டாம் என்பது என் கருத்து. மூன்றாவதுதான் அதிகம் கெடுக்கும், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் பொருள் என்னவென்று பார்ப்போம். துப்பாக்கியைத் தோளில் அண்டக் கொடுக்கும் பின்பகுதிதான் ஸ்டாக். அது வழக்கமாக அசையாது. பம்ப் ஸ்டாக் பொருத்தினால், கட்டை தோளில் நிலையாக நிற்க, துப்பாக்கியின் மற்ற பகுதி அதற்குள் முன்னும் பின்னும் நகரும். சுட்டதும் பின்னுதைப்பில் துப்பாக்கி பின்னே போகிறது, விசை (ட்ரிகர்) விரலை விட்டு விலகிப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. மறுகை துப்பாக்கியை முன்னால் தள்ளிக்கொண்டே இருப்பதால் விசை மறுபடி வந்து விரலில் முட்டுகிறது, அடுத்த குண்டு வெடிக்கிறது. விரல் நகர்வதில்லை, துப்பாக்கிதான் நகர்கிறது.

பம்ப் ஸ்டாக் பற்றிய அமெரிக்க வழக்கு நின்றதே இந்த இடத்தில்தான். அந்நாட்டின் 1934ஆம் ஆண்டு தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின்படி இயந்திரத் துப்பாக்கி என்பது, விசையின் ஒரே இயக்கத்தில், கையால் மீண்டும் குண்டு ஏற்றாமல், ஒன்றுக்கு மேற்பட்ட முறை தானாகச் சுடுவது. 2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகஸ் இசை விழாவில் 60 உயிர்களைப் பலிகொண்ட தாக்குதலில் இந்தக் கட்டை பயன்பட்டது. 2010இல் இதை இயந்திரத் துப்பாக்கி அல்ல என்று வகைப்படுத்தியிருந்த ஏடிஎஃப் (துப்பாக்கிச் சட்டங்களைச் செயல்படுத்தும் அமெரிக்க அரசு அமைப்பு), 2018 டிசம்பரில் வெளியிட்ட விதியில் இயந்திரத் துப்பாக்கிதான் என்றது. வைத்திருப்பவர்கள் 2019 மார்ச் 26க்குள் அழிக்க வேண்டும் அல்லது ஒப்படைக்க வேண்டும் என்றும் அந்த விதி சொன்னது. 2024 ஜூன் 14 அன்று கார்லண்ட் எதிர் கார்கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6–3 என்ற கணக்கில் அந்த விதியைத் தள்ளியது.

இப்போது "தானியங்கி மாற்றி" என்று பெயர் வைத்துப் பாருங்கள். "தானியங்கி மாற்றி துப்பாக்கியைத் தானியங்கியாக மாற்றாது என நீதிமன்றம் தீர்ப்பு" என்று செய்தி எழுத வேண்டிவரும். வழக்கின் முடிவைப் பெயரே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அந்த வழக்கைத் தமிழில் எழுத வழியில்லை.

முட்டுக்கட்டை சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் "சட்டத் திருத்தத்துக்கு முட்டுக்கட்டை" என்று நாளிதழில் தினமும் வரும் சொல் அது. அதிவேகக் கட்டை என்றால் கட்டையே வேகமாக ஓடுவதுபோல் இருக்கிறது.

என் முன்மொழிவு: ஸ்டாக் = தோள்கட்டை. (தோட்கட்டை என்று புணர்த்தத் தேவையில்லை, படிப்பவர் தடுமாறுவார்.) பம்ப் ஸ்டாக் = துள்ளுகட்டை. வினைத்தொகை, ஆகையால் ஒற்று மிகாது. ஊறுகாய், சுடுசோறு போல. "துள்ளுக்கட்டை" என்று எழுதினால் பிழை. இதே வேரில் பம்ப் ஃபயரிங் என்பதற்குத் "துள்ளல் சுடுகை" கிடைக்கிறது. கட்டை இல்லாமலும் அப்படிச் சுட முடியும் என்று தீர்ப்பே பேசுவதால் செயலுக்குத் தனிச்சொல் கட்டாயம் வேண்டும்.

அன்புடன்,
இரா. செ.

——

வணக்கம் ஐயா.

துள்ளுகட்டை காதுக்கு நன்றாக இருக்கிறது, அதுவே எனக்கு உறுத்துகிறது. 60 பேர் இறந்த நிகழ்வில் வந்த கருவிக்கு "துள்ளு" என்ற விளையாட்டுச் சொல்லா? படிப்பவருக்கு இது என்ன செய்யும் என்பது பெயரிலேயே தெரிய வேண்டாமா? எல்லாச் சட்டமும் நீங்கள் சொல்வதுபோல் பொறியமைப்பை வைத்து எழுதப்படவில்லை. ஃபுளோரிடா 2018இல் கொண்டுவந்த சட்டம் விளைவை வைத்து எழுதப்பட்டது: தானியங்கி ஆயுதம் சுடுவதுபோல் காட்டும்படி, அல்லது உதவியில்லாமல் ஒருவர் சுடக்கூடியதைவிட விரைவாகச் சுடும்படி, வேகத்தை மாற்றும் எந்தக் கருவியானாலும் அதில் அடங்கும். அந்தச் சட்டத்தை மொழிபெயர்க்கத் துள்ளுகட்டை போதுமா?

இன்னொன்று. "சிங்கிள் ஃபங்க்ஷன் ஆஃப் த ட்ரிகர்" என்பதைப் பெரும்பாலோர் "விசையை ஒருமுறை அழுத்தினால்" என்றுதானே எழுதுகிறார்கள்? நீங்கள் "விசையின் ஒரே இயக்கம்" என்று எழுதியிருக்கிறீர்கள். எளிமையானதை விடுவானேன்?

அன்புடன்,
ம. வி.

——

அம்மாவுக்கு வணக்கம்.

இரண்டாவது கேள்விதான் இந்த இழையிலேயே முக்கியமானது. எளிமைக்காக அதை விட்டுக்கொடுக்க முடியாது.

"விசையை அழுத்துதல்" என்றால் எழுவாய் மனிதன். "விசையின் இயக்கம்" என்றால் எழுவாய் விசை. ஏடிஎஃப் 2018 விதியில் செய்தது, சட்டத்தில் இருந்த "விசையின் ஒரே இயக்கம்" என்பதற்கு "விசையை ஒருமுறை இழுத்தலும் அதையொத்த அசைவுகளும்" என்று பொருள் வரையறுத்ததுதான். அப்படிக் கொண்டால், சுடுபவர் தொடங்குவது ஒருமுறை, வெடிப்பது பலமுறை, ஆகவே அது இயந்திரத் துப்பாக்கி. நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு விசையின் பொறியமைப்பைப் பார்த்தது. ஒவ்வொரு குண்டுக்கும் விசை விடுபட்டு மறுபடி இயங்குகிறது, ஆகவே ஒவ்வொரு இயக்கத்துக்கும் ஒரு குண்டுதான். அதோடு, மறுகை தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால் "தானாக" என்ற சொல்லும் பொருந்தாது என்றது. நீதிபதி சோட்டோமயோரின் மாறுபட்ட தீர்ப்பு சுடுபவரின் செயலைப் பார்த்தது. மூலத்தில் வேறு வேறாக இருக்கும் இரண்டு தொடர்களையும் தமிழில் "ஒருமுறை அழுத்தினால்" என்றே எழுதிவிட்டால், ஆறு பேரும் மூன்று பேரும் எதில் வேறுபட்டார்கள் என்பதே மறைந்துவிடும். எனவே ஃபங்க்ஷன் = இயக்கம், புல் = இழுத்தல். இரண்டையும் கலக்க வேண்டாம்.

இந்தியாவின் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தை எடுத்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் துலங்கும். தடைசெய்யப்பட்ட ஆயுதத்துக்கு அங்கே உள்ள வரையறை அழுத்தத்தை வைத்தே எழுதப்பட்டது: விசையில் அழுத்தம் கொடுத்தால், அந்த அழுத்தத்தை எடுக்கும் வரையிலோ குண்டு தீரும் வரையிலோ தொடர்ந்து சுடும் துப்பாக்கி. அங்கே "அழுத்தம்" என்பதே சட்டச் சொல். அமெரிக்கச் சட்டத்துக்கும் அதையே போட்டால் இரு நாட்டுச் சட்டமும் ஒன்றென்று படிப்பவர் நினைத்துவிடுவார்.

ஃபுளோரிடா பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. அந்தச் சட்டத்துக்குத் துள்ளுகட்டை போதாது. விளைவை வைத்து எழுதிய சட்டங்களுக்குப் பொதுச்சொல் ஒன்று தனியாக வேண்டும். கலிஃபோர்னியா தன் சட்டத்தில் "மல்ட்டிபர்ஸ்ட் ட்ரிகர் ஆக்டிவேட்டர்" என்று இன்னொரு வகையையே வைத்திருக்கிறது. பொதுச்சொல்லாகச் "சுடுவேகக் கூட்டி" என்கிறேன். கலிஃபோர்னியாவினதைத் "தொடர்சூட்டு விசைத்தூண்டி" என்னலாம்.

"துள்ளு" விளையாட்டாகத் தொனிக்கிறது என்பது நியாயமான வருத்தம். ஆனால் கருவியின் கொடுமையைப் பெயரில் ஏற்றினால் தீர்ப்பைப் பற்றிய செய்தியில் பெயரே வாதாடும். கொடுமையைச் செய்தி சொல்லட்டும்: முதல் பத்தியில் லாஸ் வேகஸை எழுதுங்கள், கருவி வேலை செய்யும் விதத்தை ஒரு வரியில் எழுதுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாக.

ஆக்சசரி. பலரும் "துணைக்கருவி" என்கிறீர்கள். படைக்கருவி என்றால் ஆயுதம் என்று தமிழில் ஊன்றிவிட்டதால் துணைக்கருவி ஆயுதத்தின் பக்கம் சாய்கிறது. 2025 மார்ச்சில் டங்கன் எதிர் பான்டா வழக்கில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், 10 குண்டுக்கு மேல் கொள்ளும் மேகசின் (துப்பாக்கிக்குக் குண்டுகளைத் தரும் கூடு) ஆயுதம் அல்ல, பாதுகாப்புப் பெற்ற ஆக்சசரியும் அல்ல என்று கூறி கலிஃபோர்னியாவின் தடையை நிலைநிறுத்தியது. ஆயுதமா இல்லையா என்பதே வழக்காக இருக்கும்போது நடுநிலையான "துணைப்பொருள்" போதும். பார்ட் என்பது பாகம். இதைத் துணைப்பொருளோடு கலக்கக் கூடாது, ஏனென்றால் இயந்திரத் துப்பாக்கியாக மாற்றுவதற்கென்றே செய்த பாகம் தனியாக இருந்தாலும் அமெரிக்கச் சட்டத்தில் இயந்திரத் துப்பாக்கியாகவே கருதப்படும்.

மேகசின். "இதழ்" என்று மாறிவிடும் ஆபத்து இருப்பதால் "தோட்டாக்கூடு". தோட்டா உறை வேண்டாம், அது வெடித்தபின் வெளியே விழும் வெற்றுக்கூட்டைக் குறித்துவிடும். லார்ஜ் கெப்பாசிட்டி என்பதற்கு "மிகைக் கொள்ளளவு" எழுதாதீர்கள், மிகை என்றால் தேவைக்கு மேல் என்ற தீர்மானம் உள்ளே வந்துவிடுகிறது. "பெருங்கொள்ளளவுத் தோட்டாக்கூடு" என்று எழுதி, எண்ணையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். இல்லினாயில் நீள்துப்பாக்கிக்கு 10, கைத்துப்பாக்கிக்கு 15 என்று ஒரே மாநிலத்துக்குள்ளேயே இரண்டு வரம்புகள். எண் இல்லாமல் அந்தச் சொல்லுக்குப் பொருளே கிடையாது.

சைலன்சர். இது ஓசையை இல்லாமல் செய்வதில்லை, 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும், அவ்வளவுதான். அதன் பிறகும் காதுக்குப் பாதுகாப்புத் தேவைப்படும் அளவு ஓசை இருக்கலாம். "ஒலியடக்கி" என்றால் திரைப்படத்தில் வரும் மெல்லிய சத்தம்தான் நினைவுக்கு வரும். "ஒலித்தணிப்பி" என்கிறேன். அமெரிக்கச் சட்டத்தின் வரையறையிலும் ஓசையைக் குறைப்பது என்பது சேர்ந்தே இருக்கிறது. செய்தி எழுதுவோர் கவனத்துக்கு: 2025ஆம் ஆண்டுச் சட்டத்தால் 2026 ஜனவரி 1 முதல் இதற்கான 200 டாலர் வரி சுழியமானது. பதிவு செய்யும் கடமை நீங்கவில்லை. "ஒலித்தணிப்பிக்குக் கட்டுப்பாடு நீக்கம்" என்று தலைப்பிட்டால் தவறு.

இரா. செ.

——

ஐயா, துள்ளுகட்டையும் சுடுவேகக் கூட்டியும் தனித்தனியாக இருக்கும் என்றால் எனக்குச் சம்மதம். முதல்முறை வரும்போது "பம்ப் ஸ்டாக் எனப்படும் துள்ளுகட்டை" என்று எழுதி, பிறகு தமிழ்ச்சொல்லை மட்டும் ஆளலாம்.

தீராதது ஒன்று இருக்கிறது: ஃபோர்ஸ்டு ரீசெட் ட்ரிகர். இதில் கட்டை நகர்வதில்லை. ஒவ்வொரு சூட்டுக்குப் பின்னும் துப்பாக்கியின் பொறியே விசையை முன்னால் தள்ளிவிடுகிறது, விரல் அழுத்திக்கொண்டே இருக்கலாம். 2025 மே மாதம் அமெரிக்க அரசு இதைப் பற்றிய வழக்குகளைச் சமரசமாக முடித்துக்கொண்டது. "மீள்விசை" என்று ஒருவர் எழுதியிருந்தார். அது இயற்பியலில் சுருள்வில்லை இழுத்தால் திரும்ப இழுக்கும் விசைக்குரிய சொல். விசை என்ற ஒரே சொல் ஃபோர்ஸுக்கும் ட்ரிகருக்கும் நிற்பதால் வரும் சிக்கல் இது. ட்ரிகருக்குப் பழைய வழக்கான "குதிரை"யை மீட்கலாமா, "மீள்தள்ளு குதிரை" என்று? இல்லையென்றால் "சுடுவிசை" என்று முன்னொட்டு கொடுத்து "மீள்தள்ளு சுடுவிசை" எனலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. குதிரை இன்றைய படிப்பவருக்குப் புரியாது. மற்றவர்கள் சொல்லுங்கள்.

ம. வி.