நியூயார்க் ஜெட்ஸ் (அமெரிக்கக் கால்பந்து அணி) ரசிகர்களே, இந்த 2025 சீசனில் உங்கள் மனதை விட்டு அகலாத ஒரு சந்திப்பு எது?

எடிசன் பாலா

நவம்பர் 4, செவ்வாய்க்கிழமை. நம் கார்னர்பேக் (பாஸைப் பிடிக்க ஓடும் எதிரணி ரிசீவர்களை மறிப்பவர்) சாஸ் கார்ட்னர் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்குப் போகிறார் என்று செய்தி வந்தது. அதைச் செரித்துக்கொள்வதற்குள் தற்காப்பின் இன்னொரு தூணான குவின்னன் வில்லியம்ஸ் டாலஸுக்கு. பதிலுக்கு வந்தவை முக்கியமாக வருங்கால டிராஃப்ட் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் ஏப்ரல் நிகழ்வு) தேர்வுகள்; மற்ற விவரம் உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம், அதற்குள் நான் போகவில்லை.

அன்று நியூ ஜெர்சி ஆளுநர் தேர்தல். மகனுக்குப் பள்ளி விடுமுறை. கார்ட்னரின் 1ஆம் எண் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு காலையிலேயே நண்பர்களோடு பூங்காவுக்குப் போய்விட்டான். நான் வாக்களித்துவிட்டு மாலையில் அவனை அழைத்துவரப் போனேன். மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடிக்கொண்டிருந்தவனை முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டிருந்தான். எண்ணின் தையல் மட்டும் முதுகில் மங்கலாகத் தெரிந்தது. கூட விளையாடியவர்களில் பாதிப் பேர் நியூயார்க்கின் இன்னொரு அணியான ஜயன்ட்ஸின் ரசிகர்கள். என்ன பேசியிருப்பார்கள் என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

காரில் ஏறியதும் ஒரே கேள்விதான் கேட்டான். "ஜூலையில்தானே அவரோடு 120 மில்லியன் டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டார்கள்? நான்கு மாதத்தில் என்ன மாறிவிட்டது?"

பதினொரு வயதுப் பையன். இன்றுவரை அவனுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தோற்பது அவனுக்குப் பழகிவிட்டது. அவன் பிறப்பதற்கு முன்பிருந்தே இந்த அணி பிளேஆஃப் பக்கம் போகவில்லை. ஆனால் தனக்குப் பிடித்த ஆட்டக்காரரை, அதுவும் எதிரணியின் மிகச் சிறந்த ரிசீவரையே மடக்கிப்போடும் ஒருவரை, சொந்த அணியே அனுப்பிவிடும் என்பது அவனுக்குப் புதிது.

செகாக்கஸ் பயணி

செப்டம்பர் 7. நம் பழைய குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஏரன் ராட்ஜர்ஸ் ஸ்டீலர்ஸ் சட்டையில் நம் மெட்லைஃப் மைதானத்துக்கு வந்த நாள்.

செகாக்கஸில் மைதானத்து ரயிலுக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். அவர் அணிந்திருந்தது ஜெட்ஸின் பழைய 8ஆம் எண் சட்டை, அதாவது ராட்ஜர்ஸ் நம்மிடம் இருந்தபோது வாங்கியது. முதுகில் பெயர் இருந்த இடத்தில் அகலமான வெள்ளை ஒட்டுநாடா. நான் பார்ப்பதைக் கவனித்து, "காசு கொடுத்து வாங்கியது, குப்பையில் போட மனம் வரவில்லை" என்றார்.

மைதானத்திலும் எனக்கு இரண்டு வரிசை முன்னால்தான் அவருக்கு இடம் அமைந்தது. ராட்ஜர்ஸ் களத்துக்குள் வந்தபோது அரங்கமே கூச்சலிட்டது, இவரும் எழுந்து நின்று கத்தினார். பிறகு டச் டவுன் (பந்தை எல்லைக்கோட்டுக்குள் சேர்த்து ஆறு புள்ளி எடுப்பது) பாஸ்கள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. மொத்தம் நான்கு. கடைசி ஒன்றின்போது பெரியவர் கத்தவில்லை. திரும்பி என்னைப் பார்த்து, "இந்தக் கை நம்மிடம் இருந்தபோது எங்கே போயிருந்தது?" என்று கேட்டார். நான் ஏதோ அணி நிர்வாகி போலவும் அவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் போலவும் காத்திருந்தார்.

ஒரு நிமிடம் மீதமிருக்கையில் ஸ்டீலர்ஸின் உதைப்பாளர் கிறிஸ் பாஸ்வெல் 60 கெஜத்திலிருந்து உதைத்தார். உள்ளே. 34-32. நம் குவாட்டர்பேக் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் அன்று எவ்வளவு நன்றாக ஆடினார் என்பது இப்போது யாருக்கும் நினைவில் இருக்காது. எனக்கு நினைவில் நிற்பது அந்த ஒட்டுநாடா. வியர்வையில் ஒரு முனை கழன்று தொங்கியது. ஆட்டம் முழுக்க அவர் கையைப் பின்னால் கொண்டுபோய் அதை அழுத்தி அழுத்தி ஒட்டிக்கொண்டே இருந்தார்.

ஹாரோ வாசி

நான் லண்டன். எங்களுக்கு வருடத்துக்கு ஒருசில ஆட்டங்கள்தான் வாய்க்கும், அதில் ஜெட்ஸ் வந்தால் எப்படியாவது டிக்கெட் எடுத்துவிடுவேன். போன வருடம் டாட்டன்ஹாம் மைதானத்தில் வைக்கிங்ஸிடம் 23-17 தோல்வி, இரண்டு நாளில் பயிற்சியாளர் ராபர்ட் சாலே வேலையை இழந்தார். இந்த வருடம் அக்டோபர் 12, அதே மைதானம், டென்வர்.

எனக்குப் பக்கத்து இருக்கைகளில் நியூ ஜெர்சியிலிருந்து விமானம் ஏறி வந்த ஒரு தகப்பனும் மகளும். பிள்ளைக்கு எட்டு வயது இருக்கலாம். ஃபீல்ட்ஸ் பந்தை எறியும் முன்பே வீழ்த்தப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு விரலை நீட்டினாள். நீட்டிய விரலை மடக்கவே இல்லை, அப்படியே பிடித்துக்கொண்டு ஆட்டம் பார்த்தாள். இடது கை முடிந்தது. வலது கை தொடங்கியது. ஏழாவது, எட்டாவது. தகப்பன் ஒவ்வொரு தடவையும் குனிந்து, எந்தப் பக்கம் தடுப்பு உடைந்தது, பந்தை ஏன் சீக்கிரம் விடவில்லை என்று பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார்.

முடிவு 13-11. அந்த 11இல் ஒரு டச் டவுன்கூட இல்லை. ஃபீல்ட்ஸ் பாஸில் சேர்த்தது 45 கெஜம், வீழ்த்தப்பட்டதில் இழந்தது 55. கழித்தால் மைனஸ் 10. கடைசி வாய்ப்பில், நான்காவது டவுனில் (பந்தை முன்னேற்றத் தரப்படும் நான்கு முயற்சிகளில் கடைசி), மறுபடியும் கீழே விழுந்தார். பிள்ளை ஒன்பதாவது விரலை நீட்டிவிட்டு, "அப்பா, இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது" என்று சொன்னாள். தகப்பன் அந்த ஒன்பது விரல்களையும் சேர்த்துத் தன் இரண்டு கைகளுக்குள் மூடிக்கொண்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பஃபலோ சரவணன்

பாலா அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். எதிரணி ரசிகன்தான், ஆனாலும் சொல்கிறேன்: கார்ட்னரை அனுப்பியது சரியான முடிவு.

முதலில் என் கதை. 2023 செப்டம்பர் 11, எங்கள் பஃபலோ பில்ஸ் குவாட்டர்பேக் ஜாஷ் அலனின் 17ஆம் எண் சட்டையோடு மெட்லைஃபில் இருந்தேன். அப்போது ஜெட்ஸில் இருந்த ராட்ஜர்ஸ் தன் நான்காவது ஸ்னாப்பில் (நான்காவது முறை பந்து அவர் கைக்கு வந்தபோது) விழுந்தார், எழுந்து நின்றார், பிறகு அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். குதிகால் தசைநார் (அகிலிஸ்) போய்விட்டது என்று அப்போது யாருக்கும் தெரியாது. முன்வரிசையில் இருந்தவர் திரும்பி என் சட்டையைப் பார்த்து, "உங்களுக்கு அலன் இருக்கிறார்" என்றார். குரலில் சண்டை இல்லை. அன்று ஜெட்ஸ் கூடுதல் நேரத்தில் 22-16 என்று எங்களை வென்றது, சேவியர் கிப்சன் 65 கெஜம் ஓடினார், சுற்றிலும் எல்லோரும் குதித்தார்கள். அவர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார்.

அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் பதில் சொல்கிறேன். அலன் எங்களுக்கு வானத்திலிருந்து விழவில்லை. 1999க்குப் பிறகு 2017 வரை நாங்களும் பிளேஆஃப் பார்க்கவில்லை, 17 வருடம். 2018 டிராஃப்டுக்கு முன் எங்கள் இடது டாக்கிள் (குவாட்டர்பேக்கைக் காக்கும் தடுப்பாளர்) கார்டி க்ளென்னை சின்சினாட்டிக்குக் கொடுத்து 21ஆம் இடத்திலிருந்து 12க்கு ஏறினோம். பிறகு டாம்பாவோடு பேரம் பேசி 7ஆம் இடம். அதில் வந்தவர் அலன். அதே டிராஃப்டில் 3ஆம் இடத்தில் நீங்கள் சாம் டார்னல்டை எடுத்தீர்கள், மூன்று வருடம் பாதுகாப்பில்லாமல் ஆடவிட்டு கரோலினாவுக்கு அனுப்பினீர்கள். அவர் போன வருடம் மின்னசோட்டாவில் 14 ஆட்டங்கள் வென்றார்.

ஆகவே சில ஆலோசனைகள். உங்கள் மகனுக்கு இனி இப்போது ஆடுபவர் பெயர் போட்ட சட்டை வாங்காதீர்கள். உங்கள் அணியின் பழைய நாயகன் ஜோ நேமத்தின் 12ஆம் எண் வாங்குங்கள், அவரை இனி யாராலும் வேறு அணிக்கு அனுப்ப முடியாது. 1969 ஜனவரியில் சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்தில் பால்டிமோர் கோல்ட்ஸை 16-7 என்று வென்ற கதையை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்துச் சொல்லுங்கள். அடுத்தது, சனிக்கிழமைகளில் கல்லூரி ஆட்டம் பார்க்கப் பழக்குங்கள், ஏப்ரலில் யார் வருவார்கள் என்று அவனே கணித்துப் பார்க்கட்டும். சம்பள உச்சவரம்பு (ஓர் அணி ஆட்டக்காரர்களுக்குச் செலவிடக்கூடிய மொத்தத் தொகையின் எல்லை) எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள். ராட்ஜர்ஸை விடுவித்ததற்காக மட்டும் 49 மில்லியன் டாலர் இரண்டு வருடக் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது, பெரும்பகுதி 2026இல். ஏழு ஆட்டங்கள் தொடர்ந்து தோற்றுவிட்டு ஒன்று மட்டும் வென்ற அணியில், கார்னர்பேக்குக்கு அவ்வளவு பணம் கொடுப்பது எந்தக் கணக்கிலும் நிற்காது. குவின்னனுக்கும் அதே நியாயம்தான். பையனுக்குக் கணக்கு புரிந்துவிட்டால் வலி குறையும்.

நியூவர்க் செவிலி

சரவணன், பாலா அண்ணா உங்களிடம் வழி கேட்கவில்லை. பையன் சட்டையைத் திருப்பிப் போட்டான் என்று சொன்னார். அதற்கு உச்சவரம்புக் கணக்கு மருந்தாகாது.

நான் டயாலிசிஸ் பிரிவில் வேலை செய்கிறேன். அக்டோபர் 26, ஞாயிறு. முந்தின இரவுதான் பழைய ஜெட்ஸ் ஆட்டக்காரர் நிக் மேங்கல்ட் இறந்துவிட்டார் என்ற செய்தி, 41 வயது, சிறுநீரக நோய். தனக்குச் சிறுநீரகம் தேவைப்படுகிறது என்று அவரே வெளியில் சொல்லி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. என் பொறுப்பில் இருந்த நோயாளி பல வருட ஜெட்ஸ் ரசிகர், அவரும் மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர். காலையிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தொலைக்காட்சியை மட்டும் போடச் சொன்னார்.

சின்சினாட்டியில் ஆட்டம். கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது 15 புள்ளி பின்தங்கி இருந்தோம். அதுவரை அந்த சீசனில் ஒரு வெற்றிகூட இல்லை. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பந்தோடு ஓட வேண்டிய ப்ரீஸ் ஹால் நின்று, மேசன் டெய்லருக்கு எறிந்தார். டச் டவுன். அந்த நொடியில் என் நோயாளி ஊசி குத்தியிருந்த கையை மடக்கி உயர்த்திவிட்டார். இயந்திரம் அலற ஆரம்பித்தது. நான் ஓடிப்போய் கையை நீட்டிப் பிடித்து, குழாயைச் சரிபார்த்து, அழுத்தம் சீராகும்வரை அவர் முழங்கையை விடவில்லை. அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "எழுபத்து நான்கு, எழுபத்து நான்கு" என்று மேங்கல்டின் எண்ணையே சொல்லிக்கொண்டிருந்தார். 39-38.

அடுத்த முறை அவர் என் பொறுப்பில் வந்தபோது கார்ட்னரும் போயிருந்தார், குவின்னனும் போயிருந்தார். தொலைக்காட்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஹோபோக்கன் கணேஷ்

சரவணனுக்கு ஒரு கேள்வி. 2020இல் ஜமால் ஆடம்ஸை சியாட்டிலுக்குக் கொடுத்து முதல் சுற்றுத் தேர்வுகள் இரண்டு வாங்கினோம். அதில் ஒன்றுதான் 2022இல் கேரட் வில்சன் ஆனது. அதே வருடம் எங்கள் சொந்த 4ஆம் இடத்தில் வந்தவர் சாஸ் கார்ட்னர். அந்த ஆண்டின் சிறந்த அறிமுக ஆட்டக்காரர் விருது, தாக்குதலில் வில்சனுக்கு, தற்காப்பில் கார்ட்னருக்கு, இரண்டும் எங்களுக்கே. முதல் சுற்றுத் தேர்வில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த பலனே அதுதான். அந்தப் பலனைக் கொடுத்து மறுபடியும் இரண்டு தேர்வு வாங்கியிருக்கிறார்கள். விதைநெல்லை விற்று விதைநெல் வாங்குவதுதான் திட்டமா?

என் அனுபவம் சிறியது. நான் முடிவெட்டும் கடையில் கண்ணாடிக்கு மேலே கார்ட்னரின் படம் இருக்கும். போன வாரம் போனபோது படம் இல்லை, நான்கு மூலையிலும் பசை நாடாவின் தடம் மட்டும். கடைக்காரர் என் பார்வையைக் கண்ணாடியில் பிடித்துவிட்டு, "அடுத்து யாரை மாட்டலாம், சொல்லுங்கள்" என்றார். கேரட் வில்சன் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவரையும் அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்.

பஃபலோ சரவணன்

கணேஷ், பதில் உங்கள் அணியிலேயே இருக்கிறது. 2006இல் ஜான் ஏப்ரஹாமை அட்லாண்டாவுக்கு அனுப்பினீர்கள். அவரும் தற்காப்பின் நட்சத்திரம், அன்றும் இதே கோபம் எழுந்தது. அந்தப் பேரத்தில் வந்த 29ஆம் இடத்தில் நீங்கள் எடுத்தவர் நிக் மேங்கல்ட். அதே சுற்றில் 4ஆம் இடத்தில் டிப்ரிக்கஷா ஃபெர்குசன், பத்து வருடம் ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடாதவர். அந்த இருவர் நின்ற தடுப்பு வரிசையின் பின்னால்தான் 2009, 2010 இரண்டு வருடமும் அணி மாநாட்டு இறுதி ஆட்டம் (சூப்பர் பவுலுக்கு முந்தைய கட்டம்) வரை போனது.

செவிலி அக்கா, உங்கள் நோயாளியைப் பற்றிப் படித்த பிறகு இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருந்தது. அவர் எண்ணைச் சொல்லி அழைத்த அந்த மனிதர் இப்படி ஒரு பேரத்தில் வந்தவர்தான்.

கிளிஃப்டன் மணி

நவம்பர் 30, ஃபால்கன்ஸ் ஆட்டம். என்னோடு வேலை பார்ப்பவர் நீண்ட கால சீசன் டிக்கெட்காரர், அவர் மனைவிக்கு உடல்நிலை சரியில்லாததால் அந்த அம்மாவின் இருக்கை எனக்குக் கிடைத்தது. குளிர். மேல்தளம் பாதி காலி.

24-24. நேரம் முடியும் தறுவாயில் நம் உதைப்பாளர் நிக் ஃபோக் வந்தார். 41 வயது. 56 கெஜம். நண்பர் எழுந்திருக்கவில்லை. "2011 ஜனவரியில் இண்டியானாபொலிஸில் கோல்ட்ஸ் குவாட்டர்பேக் பெய்டன் மேனிங்கை வீட்டுக்கு அனுப்பியது இதே கால்தான்" என்றார். அன்று 32 கெஜம், 17-16. அந்தக் கோல் விழுந்தபோது பிறந்த பிள்ளைகள் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறார்கள். அந்த அணியில் இருந்தவர்களில் 2025 சீசனிலும் பச்சைச் சட்டையில் உதைத்தவர் ஃபோக் ஒருவர்தான், அவரும் இடையில் பல ஊர் சுற்றித் திரும்பியவர்.

பந்து உள்ளே போனது. 27-24. நண்பர் அப்போதும் எழுந்திருக்கவில்லை, கையுறையைக் கழற்றிவிட்டுக் கைதட்டினார். அவ்வளவுதான்.

வாகன நிறுத்தத்தில் அவரிடம் கேட்டேன், அடுத்த வருடம் டிக்கெட்டைப் புதுப்பிக்கப் போகிறீர்களா என்று. ஏற்கெனவே முடிவு செய்துவிட்டாராம். "ஏப்ரலில் முதல் சுற்றில் நமக்கு இரண்டு இடம் இருக்கிறது" என்றார். சரவணன் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. மேங்கல்டும் ஃபெர்குசனும் ஒரே சுற்றில் கிடைத்தது 2006இல், அதை வைத்து 2026ஐ எழுத முடியாது. அந்த இரண்டு இடங்களில் ஒன்றிலாவது ஒரு குவாட்டர்பேக் வந்தால் பார்ப்போம்.