டெக் அடியில் புல் அப்புகிறது, 40 நிமிடத்தில் இன்ஜின் திணறுகிறது: ரைடிங் மோவரை (உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டியை) எப்படிச் சுத்தம் செய்வது?

புல்லுக்கட்டு கேட்டது:

வட கரோலினா, ஒன்றரை ஏக்கர். பெரும்பகுதி ஃபெஸ்க்யூ புல், வெயில் விழும் பக்கம் பெர்முடா புல். வண்டி 42 அங்குல டெக் (பிளேடுகளை மூடியிருக்கும் தகட்டுக் கூடு), இரண்டு பிளேடு, ஒற்றை சிலிண்டர் 17.5 குதிரைத்திறன், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ரோஸ்டாட்டிக் கியர். மீட்டரில் இன்ஜின் இதுவரை ஓடியது 140 மணி நேரம்.

ஏப்ரலில் இருந்து வெட்டின புல் கட்டி கட்டியாகப் புல்தரையில் விழுகிறது. டெக் மேலே ஹோஸ் மாட்டும் துவாரம் இருப்பதால் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் விட்டுத்தான் கழுவுகிறேன். இப்போது பிளேடைப் போட்டால் இடது பக்கத்திலிருந்து ஊளை மாதிரி ஒரு சத்தம். 40 நிமிடம் ஓடினதும் இன்ஜின் வலுவிழக்கிறது, தீய்ந்த வாடை வருகிறது. இடது பக்கம் வெட்டும் கொஞ்சம் தாழ்வாக விழுகிறது. பிரஷர் வாஷர் வாங்கி முழுசாக அடித்துவிடலாமா? எதை முதலில் பார்ப்பது?

ஸ்பேனர்செட் பதில்:

பிரஷர் வாஷரை காருக்கு வைத்துக்கொள்ளுங்கள். மோவரில் தண்ணீர் போகக்கூடாத இடங்கள்தான் அதிகம்: ஸ்பிண்டில் (பிளேடு சுற்றும் அச்சு) பேரிங், ஐட்லர் புல்லி (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சக்கரம்), எலக்ட்ரிக் கிளட்ச், சீட் சுவிட்ச், பிரேக் சுவிட்ச், வயர் கனெக்டர்கள். பேரிங்கின் ரப்பர் சீல் தூசியைத் தடுக்கும், பீய்ச்சி அடிக்கும் தண்ணீரைத் தடுக்காது. உள்ளே போன தண்ணீர் கிரீஸை வெளுத்துக் குழம்பாக்கும், அடுத்த வாரம் துரு, அதற்கடுத்த வாரம் நீங்கள் சொல்லும் ஊளை.

அதனால் முதலில் ஸ்பிண்டில். சாவியை எடுத்துவிட்டு ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி ஓரமாக ஒதுக்கிக் கட்டுங்கள். பெல்ட்டைப் புல்லியிலிருந்து விலக்கி, தோல் கையுறை போட்டுக்கொண்டு பிளேடைக் கையால் சுற்றுங்கள். வழவழவென்று சத்தமில்லாமல் சுற்ற வேண்டும். மணல் அரைபடுகிற மாதிரி கையில் தட்டினால் பேரிங் போச்சு. பிளேடு முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், லொடலொடவென்று ஆடினாலும் அதே கதைதான். ஐட்லர் புல்லிகளையும் தனித்தனியாகச் சுற்றிப் பார்க்க மறக்காதீர்கள், ஸ்பிண்டில் என்று நினைத்துப் பணம் போட்ட பிறகு ஐட்லர்தான் கத்தியது என்று தெரிய வருவது சகஜம். பல 42 அங்குல டெக்குகளில் 6203 எண் பேரிங்தான் இருக்கும். ஆனாலும் கழற்றிய பேரிங்கின் விளிம்பில் பொறித்த எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். ஸ்பிண்டில் உட்காரும் ஹவுசிங்கை டெக்கோடு பிடிக்கும் போல்ட்டுகள் அலுமினியத்தில் தாமே மரை வெட்டிக்கொண்டு ஏறுபவை. துரு பிடித்திருந்தால் முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். அவசரப்பட்டால் தலை முறிந்து கையில் வரும்.

சில ஹவுசிங்கில் கிரீஸ் அடிக்கும் சிறு முனை (நிப்பிள்) இருக்கும், உள்ளே இருப்பதோ இரண்டு பக்கமும் சீல் வைத்த பேரிங். அங்கே எவ்வளவு கிரீஸ் அடித்தாலும் நடுவில் உள்ள குழியை நிரப்புமே தவிர குண்டுகளுக்குப் போகாது. உள்பக்கச் சீலை மட்டும் மெல்லிய திருப்புளியால் நெம்பி எடுத்துவிட்டு மாட்டினால்தான் அந்த நிப்பிளுக்கு அர்த்தம்.

இனி புல். டெக்கைக் கழற்றியே சுத்தம் செய்யுங்கள், பழகினால் 15 நிமிட வேலை. சமதரையில் நிறுத்தி பார்க்கிங் பிரேக் போட்டு, டெக்கை ஆகக் கீழே இறக்குங்கள். இன்ஜின் புல்லியிலிருந்து பெல்ட்டை எடுங்கள், முன் லிங்க்கின் பின்னை உருவுங்கள், பிறகு பக்கத் தாங்கு கைகளின் கிளிப்புகள். முன்சக்கரத்தை முழுசாக ஒரு பக்கம் திருப்பினால் டெக் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். பெல்ட் போகும் பாதையை முதலிலேயே கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட் காப்புக் கம்பிக்கு உள்பக்கமா வெளிப்பக்கமா என்பது மாட்டும்போது யாருக்கும் நினைவிருக்காது.

அப்பியிருக்கும் புல்லைப் பிளாஸ்டிக் பட்டிக் கத்தியால் சுரண்டுங்கள். இரும்புக் கத்தி பெயின்ட்டையும் சேர்த்து எடுக்கும், தகடு துருப்பிடிக்க அதுவே போதும். ஈரப் புல் ஒட்டிக்கொண்டே இருந்தால் ஸ்பிண்டிலைச் சுற்றித்தான் தகடு முதலில் அரிக்கும். ஓட்டை விழுந்தால் டெக்கையே மாற்ற வேண்டிவரும். துரு தெரியும் இடத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து பிரைமர் பூசி, காய்ந்ததும் கிராஃபைட் ஸ்பிரே அடியுங்கள். சமையல் எண்ணெய் ஸ்பிரே அடிக்கச் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம், இரண்டாம் வெட்டிலேயே அது பிசின் ஆகிவிடும்.

புல் கட்டியாக விழுவதற்கு டெக் மட்டும் காரணமல்ல. ஏப்ரலில் ஃபெஸ்க்யூ வளரும் வேகத்துக்கு வாரம் ஒரு தடவை போதாது. 3 முதல் 3½ அங்குலம் உயரம் வைத்து, ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். பனி உலர்ந்த பிறகு வெட்டுங்கள். திராட்டில் (இன்ஜின் வேகத்தைக் கூட்டும் நெம்புகோல்) முழுசாக இருக்கட்டும். பெட்ரோல் மிச்சம் என்று பாதி வேகத்தில் ஓட்டினால் பிளேடின் இறக்கை காற்றைத் தூக்காது, புல் டெக்கிலேயே தங்கிவிடும்.

சாம்பல்நரி பதில்:

ஹோஸ் துவாரத்தை அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். வெட்டி முடித்த கையோடு, புல் இன்னும் பச்சையாக இருக்கும்போது செய்தால் பலன் உண்டு. தண்ணீரைத் திறந்து, சீட்டில் உட்கார்ந்தபடி திராட்டிலை முழுசாக வைத்து இரண்டு மூன்று நிமிடம் பிளேடை ஓட்டுங்கள். பிறகு தண்ணீரை மூடி, ஹோஸைக் கழற்றிவிட்டு, வெறுமனே இன்னும் இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஈரத்தோடு ஷெட்டில் தள்ளிவிட்டு பேரிங் போச்சு என்றால் துவாரம் என்ன செய்யும்?

ஸ்பேனர்செட் பதில்:

@சாம்பல்நரி, உலர ஓட்டுவது சரிதான். ஆனால் அந்தத் தண்ணீர் பிளேடு வீசும் வட்டத்தை மட்டும்தான் கழுவும். இரண்டு வட்டங்களுக்கு நடுவே உள்ள முக்கோணத்திலும் முன் விளிம்பிலும் காய்ந்து கிடப்பது அசையாது, அதைத் தண்ணீர் ஊறவைத்துவிட்டுப் போகும். வாரம் ஒரு முறை தண்ணீர் என்பதைவிட 25 மணி நேரத்துக்கு ஒரு முறை சுரண்டல் மேல். டெக்கின் மேல்பக்கம், பெல்ட் மூடிகளுக்கு அடியில், சைலன்சரைச் சுற்றி: இங்கெல்லாம் ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் லீஃப் புளோயர் போதும். சைலன்சர் மேல் காய்ந்த புல் கிடந்தால் தீப்பிடிக்கும். அவருக்கு வரும் தீய்ந்த வாடை அதுவாகவும் இருக்கலாம், வழுக்கும் பெல்ட்டாகவும் இருக்கலாம்.

ஒன்ராறியோக்காரன் பதில்:

தம்பி, டெக்கைப் பற்றி மேலே நல்லாச் சொல்லியிருக்கினம். எனக்கு உங்கட 40 நிமிசக் கதைதான் பயமாக் கிடக்கு.

முதல்ல என்ன வலுவிழக்குது எண்டு பிரிச்சுப் பாருங்கோ. எஞ்சின் சத்தம் மாறாமல், ஏற்றத்தில வண்டி மட்டும் ஊருதெண்டால் அது ஹைட்ரோஸ்டாட்டிக் கியர்பெட்டி சூடாகுது. அதுக்கு மேல ஒரு சின்ன பிளாஸ்டிக் விசிறி இருக்கும், அதின்ர செட்டைகளுக்குள்ள புல்லுத் தூள் அடைச்சிருக்கும். சீற்றுக்குப் பின்பக்கத்தால காத்து அடிச்சு எடுங்கோ. எஞ்சினே இருமி நிக்கப் பார்த்தால் பெற்றோல் மூடியைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கோ. உடனே தெளிஞ்சால் மூடியின்ர காத்துத் துளை அடைபட்டிருக்கு, புது மூடி போட்டால் சரி.

இரண்டும் இல்லையெண்டால் எஞ்சினுக்கு மேல இருக்கிற புளோயர் ஹவுசிங்கைக் கழட்டுங்கோ. நாலைஞ்சு போல்ட்தான். வெளியில சல்லடை சுத்தமா இருக்கெண்டு நம்பாதேங்கோ, அதுக்குக் கீழ சிலிண்டர் செட்டைகளுக்கு (சூட்டை வெளியேத்துற தகடுகள்) நடுவில புல்லு கம்பளி மாதிரிப் படிஞ்சிருக்கும். குளிர்காலம் ஷெட்டில நிண்ட வண்டியெண்டால் எலிக்கூடும் இருக்கும். இந்த எஞ்சினுக்கு ரேடியேற்றர் இல்லை, காத்துத்தான் எல்லாம். செட்டை அடைச்சால் சிலிண்டர் ஹெட் சூடேறி வளையும், ஹெட்டுக்குக் கீழ இருக்கிற காஸ்கெட், வால்வைத் தள்ளுற கம்பி (புஷ்ராட்) பக்கத்தால ஊதும். பிறகு நீலப்புகை, எயர் பில்டருக்குள்ள ஒயில். மரக்குச்சியால கிளறி, மெல்லிய அழுத்தத்தில காத்து அடியுங்கோ. எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துற கவர்னரின்ர ஸ்பிரிங்குகளை வளைச்சுப் போடாதேங்கோ. சூடா இருக்கேக்க தண்ணி வேண்டவே வேண்டாம். ஹவுசிங்கைத் திரும்பப் பூட்டாமல் ஓடிப்பார்க்கவும் கூடாது, காத்தைச் செட்டைக்குத் திருப்பிவிடுறதே அதுதான். 100 மணித்தியாலத்துக்கு ஒருக்கா இதைச் செய்யவேணும். உங்கட 140 இல இது ஒருக்காலும் நடக்கேல்லை எண்டு நினைக்கிறன்.

ஒயில் 50 மணித்தியாலத்துக்கு ஒருக்கா, இல்லாட்டி வருசம் ஒருக்கா. ஐஞ்சு நிமிசம் ஓடி இளஞ்சூடாக்கிப் போட்டு வடியுங்கோ. இந்த அளவு எஞ்சின் ஏறக்குறைய 1.4 லீற்றர் குடிக்கும். முதல் 1.2 விட்டு, அளவுக்கம்பியைப் பார்த்துப் பார்த்து மிச்சத்தை விடுங்கோ. கூடினாலும் புகைதான். உங்கட வெக்கைக்கு 30 ஆம் நம்பர் ஒயில் நல்லது, விடியக் குளிரிலயும் ஓடுறதெண்டால் 10டபிள்யூ-30. பில்டரின்ர ரப்பர் வளையத்தில ஒயில் தடவி, ஒட்டினதுக்குப் பிறகு கையால முக்கால் சுற்று மட்டும் இறுக்குங்கோ.

எயர் பில்டரில வெளியில போடுற ஸ்பொஞ்சைச் சவர்க்காரத் தண்ணியில அலசி நல்லாக் காயவிட்டுப் போடலாம். கடதாசி பில்டருக்குக் காத்தும் அடிக்கக்கூடாது, ஒயிலும் பூசக்கூடாது. நுண்ணிய கிழிசல் கண்ணுக்குத் தெரியாது, அதுக்குள்ளால போற மண் பிஸ்ரன் ரிங்கைத் தின்னும். மெல்லத் தட்டிப் பாருங்கோ, போகாட்டில் புதுசு.

புல்லுக்கட்டு:

நன்றி அண்ணை, நன்றி எல்லாருக்கும். இரண்டு சந்தேகம். டெக்கைக் கழற்றாமல் முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கிப் பிளேடை எடுக்கலாமா? ஸ்டார்ட் செய்யும்போது ஸ்டார்ட்டர் பாதி சுற்றி 'டக்' என்று நிற்கிறது, பேட்டரியா?

எட்டங்குலம் பதில்:

ஜாக் தூக்குவதற்கு மட்டும். தூக்கினதும் ஸ்டாண்ட் கொடுக்காமல் கையை உள்ளே விடாதீர்கள், பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வையுங்கள். பக்கவாட்டில் சாய்க்க வேண்டாம், ஒயில் சிலிண்டருக்கும் ஏர் ஃபில்டருக்கும் இறங்கும்.

பிளேடு சுற்றாமல் இருக்க டெக் விளிம்புக்கும் பிளேடுக்கும் நடுவே ஒரு கட்டையைக் கொடுங்கள். சாணை பிடிக்கும்போது பழைய சாய்வையே பின்பற்றுங்கள், சுமார் 30 டிகிரி. சவரக் கத்தி மாதிரி கூர்மை தேவையில்லை, வெண்ணெய்க் கத்தி அளவு போதும். ரொம்பக் கூர்மையாக்கினால் முதல் கல்லிலேயே மடங்கும். கிரைண்டரில் இரும்பு நீலமானால் பதம் போச்சு என்று அர்த்தம், நடுநடுவே ஆறவிடுங்கள். பிறகு சுவரில் ஆணி அடித்து பிளேடின் நடுத் துளையை மாட்டுங்கள். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கம் இன்னும் தேயுங்கள். சமநிலை இல்லாத பிளேடும் புது பேரிங்கை ஒரே சீசனில் கொன்றுவிடும். மாட்டும்போது வளைந்த இறக்கை டெக்கைப் பார்த்து மேலே இருக்க வேண்டும். நட்டு இறுக்கம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. 50 அடி-பவுண்டும் உண்டு, 80 தாண்டுவதும் உண்டு, உங்கள் மேனுவலைப் பார்த்து டார்க் ரென்ச்சில் வையுங்கள்.

இடது பக்கம் தாழ்வதற்கு டெக் லிங்க்கைத் திருகுவதற்கு முன் டயர் காற்றைப் பாருங்கள். இந்த அளவு வண்டிகளில் முன் டயருக்கு 14, பின் டயருக்கு 10 பவுண்டு அளவில்தான் இருக்கும். பின் இடது டயரில் குறைந்தாலே டெக் சாய்ந்துவிடும். காற்று சரியான பிறகு சிமென்ட் தரையில் நிறுத்தி, பிளேடுகளைக் குறுக்காகத் திருப்பி, இரண்டு வெளி முனைகளும் தரையிலிருந்து எவ்வளவு என்று அளங்கள். வித்தியாசம் ⅛ அங்குலத்துக்குள் இருக்கட்டும். பிளேடை நேராகத் திருப்பினால் முன் முனை பின் முனையைவிட ⅛ முதல் ¼ அங்குலம் தாழ்வாக இருக்க வேண்டும். பின்பக்கம் தாழ்ந்தால் வெட்டின புல்லையே மறுபடி வெட்டி இன்ஜினைத் திணறடிக்கும்.

அந்த 'டக்'குக்கு முதலில் பேட்டரியை அளங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும், ஓடும்போது 14ஐ ஒட்டி. முனைகளில் வெள்ளைப் பூஞ்சாணம் மாதிரி இருந்தால் ஆப்பசோடாத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பேட்டரி நன்றாக இருந்தும் நின்றால் வால்வு இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவே உள்ள இடைவெளி. இந்த இன்ஜின்களில் ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தத்தைக் குறைக்க கேம் ஷாஃப்ட் (வால்வுகளை இயக்கும் தண்டு) வால்வைத் துளியளவு திறக்கும். இடைவெளி கூடினால் அந்தத் துளி திறப்பு நடக்காது, முழு அழுத்தத்தோடு ஸ்டார்ட்டர் மல்லுக்கட்டும். இன்ஜின் குளிர்ந்த நிலையில், பிஸ்டன் உச்சியைத் தாண்டி ¼ அங்குலம் இறங்கியதும் அளக்க வேண்டும். இந்த வகை ஒற்றை சிலிண்டரில் பொதுவாக இன்டேக் 0.003 முதல் 0.005 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.005 முதல் 0.007. உங்கள் இன்ஜின் மாடல் எண் புளோயர் ஹவுசிங்கில் பொறித்திருக்கும், அதற்குரிய அளவை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஸ்பார்க் பிளக்கையும் அதே கையோடு பாருங்கள், இடைவெளி 0.030 அங்குலம்.

ஒன்ராறியோக்காரன்:

சீசன் முடிய இன்னொண்டு. எத்தனோல் கலந்த பெற்றோலைக் குளிர்காலம் முழுக்க ராங்கில விடுறதெண்டால் ஸ்ரெபிலைசர் விட்டுப்போட்டு பத்து நிமிசம் ஓடுங்கோ, அப்பதான் கார்புரேற்றருக்குள்ளயும் போகும். ராங்கில மட்டும் விட்டுப்போட்டு நிப்பாட்டினால் அடைபடப் போறது கார்புரேற்றருக்குள்ள பெற்றோல் போற சின்னத் துளை, ஜெற்தான். ஒயில் மாத்துறதும் வசந்தத்தில இல்லை, வண்டியை நிப்பாட்ட முதல். பழைய ஒயிலில இருக்கிற அமிலம் நாலு மாசம் பேரிங்கில ஊறிக்கொண்டு கிடக்கக் கூடாது. ஹவுசிங்கைப் பூட்ட முதல் செட்டையளின்ர படத்தை இங்க போடுங்கோ தம்பி, ஹெட்டில ஒயில் கசிஞ்ச தடம் இருக்கோ எண்டு பார்த்துச் சொல்லலாம்.