பைதான் தெரிந்த டெவலப்பருக்கு ஆர் (R) மொழி எதற்கு?

பின்வாசல்:
ஜாவா, பைதான் இரண்டிலும் பேக்எண்ட் வேலை. டேட்டா சயின்ஸ் பக்கம் போகும் எண்ணமில்லை. ஏ/பி டெஸ்ட் (இரண்டு வடிவங்களை இரு குழுக்களுக்குக் காட்டி ஒப்பிடுவது) முடிவைப் படிப்பது, ரிலீசுக்கு முன்னும் பின்னும் ரெஸ்பான்ஸ் நேரத்தை ஒப்பிடுவது, புள்ளியியல் தேவைப்படுவது இவ்வளவுக்குத்தான். பைதானின் டேட்டா லைப்ரரியான பாண்டாஸ் கையில் இருக்கும்போது, புள்ளியியலுக்கான ஆர் மொழியைப் படித்தால் கூடுதலாக என்ன கிடைக்கும்? எங்கே வழுக்கும்?

வெக்டர்வாசி:
ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். பழைய பட்டனைப் பார்த்த 2,400 பேரில் 120 பேர் அழுத்தினார்கள். புதியதைப் பார்த்த 2,400 பேரில் 150 பேர். அதாவது 5%, 6.25%. "25% உயர்வு" என்று ஸ்லைடில் போடக் கை துறுதுறுக்கும்.

ஆரில் விகிதங்களை ஒப்பிடும் பிராப்.டெஸ்ட் ஃபங்ஷனுக்கு அழுத்தியவர்களை ஒரு வெக்டராகவும் (எண்களின் வரிசை) பார்த்தவர்களை இன்னொரு வெக்டராகவும் கொடுங்கள். ஒரே வரிதான். பி-மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இந்த அளவோ அதற்கு மேலோ வித்தியாசம் தெரியும் வாய்ப்பு) சுமார் 0.069 வரும்; வழக்கமான எல்லை 0.05. கூடவே 95% நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய வரம்பு: -0.026 முதல் 0.001 வரை. (முதல் குழுவிலிருந்து இரண்டாவதைக் கழிப்பதால் மைனஸ், பதற வேண்டாம்.) பூஜ்யம் அதற்குள்ளேயே இருக்கிறது, அதனால் அந்த ஸ்லைடு இப்போதைக்கு வேண்டாம்.

அடுத்து, எத்தனை பேர் தேவை என்று கணக்கிடும் பவர்.பிராப்.டெஸ்ட். 0.05, 0.0625, பவர் (இருக்கும் வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்பு) 0.8 என்று கொடுத்தால் குழுவுக்கு ஏறத்தாழ 5,330 பேர் தேவை என்று சொல்லும். இதை டெஸ்ட் தொடங்கும் முன்பே ஓட்ட வேண்டும். தினமும் எட்டிப் பார்த்து, பி-மதிப்பு 0.05-க்குக் கீழே இறங்கிய அன்று நிறுத்துவது சுத்தப் போங்கு. இல்லாத வித்தியாசம் இருப்பதாகத் தெரியும் வாய்ப்பு, ஒவ்வொரு எட்டிப்பார்ப்புக்கும் ஏறும்.

பைதானில் முடியாதா என்றால், முடியும். சைபை, ஸ்டாட்ஸ்மாடல்ஸ் என்ற லைப்ரரிகள் இருக்கின்றன. ஆனால் ஆரை நிறுவியதுமே மேலே சொன்ன டெஸ்ட் ஃபங்ஷன்கள் கூடவே வந்துவிடும். அதைவிட முக்கியம், விடுபட்ட மதிப்பு. பாண்டாஸில் சராசரி கேட்டால் விடுபட்டவற்றைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு எண்ணைக் கொடுக்கும். ஆரில் ஒரு என்.ஏ. (விடுபட்ட மதிப்பின் அடையாளம்) இருந்தாலும் விடை என்.ஏ.தான். தள்ளிவிடு என்று நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். டைம்அவுட் ஆன ரிக்வெஸ்ட்டுகளுக்கு நேரம் பதிவாகாத லாகை வைத்துச் சராசரி எடுப்பவர்களுக்கு இந்தப் பிடிவாதம் நல்லது.

கறார்:
மேலே சொன்னது சரி. வழுக்கும் இடங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இண்டெக்ஸ் 1-இல் தொடங்கும். [-1] என்றால் கடைசி உறுப்பு இல்லை, முதல் உறுப்பை நீக்கியது போக மீதி. பைதான் பழக்கத்தில் எழுதினால் எர்ரரே வராமல் தப்பான விடை வரும்.

நீளம் வேறான இரண்டு வெக்டர்களைக் கூட்டினால் சிறியதைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்ளும். 4 உறுப்போடு 2 உறுப்பைக் கூட்டினால் வார்னிங்கூட வராது. 4-உம் 3-உம் என்றால்தான் வரும்.

லூப்பை 1:நீளம் என்று எழுதாதீர்கள். வெக்டர் காலியாக இருந்தால் அது 1:0 ஆகி, 1, 0 என்று இரண்டு முறை ஓடும். காலி வெக்டருக்கு ஒரு முறையும் ஓடாத சீக்_அலாங் பயன்படுத்துங்கள்.

ஃபேக்டரை (வகைப் பெயர்களை வரிசை எண்களாகச் சேமிக்கும் டைப்) நேரடியாக எண்ணாக மாற்றினால் உள்ளே இருக்கும் வரிசை எண்தான் கிடைக்கும். முதலில் எழுத்தாக்கி, பிறகு எண்ணாக்க வேண்டும். ஆர் 4.0.0 பதிப்புக்கு முன்பு டேட்டா ஃபிரேமில் (அட்டவணை) சேரும் எழுத்துகள் தானாகவே ஃபேக்டர் ஆகிவிடும் என்பதால், பழைய ஸ்கிரிப்ட்டை ஓட்டும்போது கூடுதல் கவனம்.

1976-இல் பெல் லேப்ஸில் தொடங்கிய எஸ் மொழியின் வாரிசு இது. விநோதங்களில் பல அந்த வீட்டுச் சொத்து.

இன்னொன்று: இதை சர்வீசுக்குள் வைக்காதீர்கள். டேட்டா முழுவதும் ரேமில் உட்காரும், சாதாரண கோடு ஒரே த்ரெடில் ஓடும். ஆய்வை ஆரில் முடித்து, முடிவை உங்கள் மொழியில் எழுதுங்கள். பேக்கேஜ் பதிப்புகளை ஆர்என்வ் என்ற பேக்கேஜை வைத்துப் பூட்டிவிடுங்கள்.

பின்வாசல்:
நன்றி. ரெஸ்பான்ஸ் நேரத்துக்கும் இதே டெஸ்ட்தானா?

வெக்டர்வாசி:
இல்லை, அது விகிதங்களுக்கு மட்டும். ரெஸ்பான்ஸ் நேரம் வலப்பக்கம் நீண்ட வாலோடு இருக்கும். சராசரியை வைத்து ஒன்றும் தெரியாது. குவான்டைலில் 0.95 எடுங்கள், அதாவது 95% ரிக்வெஸ்ட்டுகள் எந்த நேரத்துக்குள் முடிகின்றன என்று. ஆரில் அதற்கு 9 வகைக் கணக்கு உண்டு, இயல்பாக வருவது 7. பைதானின் நம்பை லைப்ரரியின் இயல்பான கணக்கும் அதுவே. சர்வர்களைக் கண்காணிக்கும் ப்ரொமீதியஸ், நேரங்களை வரம்பு வரம்பாக எண்ணும் ஹிஸ்டோகிராம் பக்கெட்டுக்குள் உத்தேசமாகக் கணிப்பதால், டாஷ்போர்டு எண்ணோடு பொருந்தாது.

வித்தியாசம் உண்மையா என்று பார்க்க பூட்ஸ்ட்ராப் (இருக்கும் டேட்டாவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுப்பது) போதும். ஒவ்வொரு ரிலீசிலிருந்தும் அதே அளவு மாதிரியை, எடுத்ததைத் திருப்பிப் போட்டு எடுங்கள். இரண்டின் 0.95 குவான்டைல்களைக் கழியுங்கள். இதை ரெப்ளிகேட் ஃபங்ஷன் வைத்து 2,000 முறை ஓட்டி, வந்த விடைகளில் 2.5%, 97.5% இடங்களைப் பாருங்கள்; அவை இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் 95% இடைவெளி.

ஒரு எச்சரிக்கை. ஒரே நிமிடத்தில் வந்த ரிக்வெஸ்ட்டுகள் சேர்ந்தே மெதுவாகும், டேட்டாபேஸ் திணறினால் எல்லாமே திணறும். தனித்தனி ரிக்வெஸ்ட்டாக எடுத்தால் இடைவெளி பொய்யாகக் குறுகிவிடும். நிமிடம் நிமிடமாகக் கட்டி, அந்தக் கட்டுகளிலிருந்து மாதிரி எடுங்கள்.