மறு: தரம்பார்த்தல் (டைட்ரேஷன்) விளையாட்டு – ‘ஓவர்ஷூட்’டுக்குச் சொல் (எழுதுவோர் ஊர்ப்பெயரில்)

இராமநாதபுரம்:
முதலாண்டு வேதியியல் இணைய வகுப்புக்கான விளையாட்டின் திரைச்சொற்களை வெள்ளி மாலைக்குள் கொடுக்க வேண்டும். ஒன்றுதான் பாக்கி. விளையாட்டின் இரண்டாம் நிலையில் கூம்புக் குடுவையில் 20 மி.லி. அமிலம், நிறம்காட்டியாக இரண்டு சொட்டு பினாப்தலீன், மேலிருந்து சொட்டுச் சொட்டாக விட, திருகுள்ள அளவுக்குழாயான பியூரெட்டில் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு. வெளிர் இளஞ்சிவப்பு 30 நொடி நின்றால் முடிவுநிலை. மேலும் விட்டால் ‘ஓவர்ஷூட்’ என்று வந்து சுற்று செல்லாமல் போகும். சின்னப் பெட்டி, பத்தெழுத்துக்கு மேல் கொள்ளாது.

கீழக்கரை:
‘மிகைப்பெய்வு’. குறள் 475: வண்டியில் ஏற்றுவது மயிற்பீலியே ஆனாலும் ‘சால மிகுத்துப் பெயின்’ அச்சு முறியும். கடைசிச் சொட்டு கெடுப்பதை இதைவிட யார் சொல்ல முடியும்? பெய்தல் என்றால் வார்த்தலும் ஆகும், இடுதலும் ஆகும். சங்கப் பாடல்களில் ‘பெய்’ வரும் இடங்களைத் திரட்டி அனுப்புகிறேன்.

மண்டபம்:
ஐயா, அனுப்ப வேண்டாம். ‘மிகை’க்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. மூன்றாம் நிலை வோல்ஹார்டு முறை. கடல்நீர்க் குளோரைடுக்குச் சில்வர் நைட்ரேட்டை வேண்டுமென்றே மிகையாக ஊற்றி, மீந்ததைத் தயோசயனேட்டால் அளக்கிறோம். இரண்டாம் நிலையில் மிகை என்றால் தோல்வி, மூன்றாவதில் அதுவே செய்முறை என்றால் பிள்ளைகள் எதை நம்புவார்கள்?
கடல்நீரைப் பத்து மடங்கு நீர்க்கும் படியையும் திரையில் சேருங்கள். நீர்த்ததில் 20 மி.லி.க்கு 0.1 மோலார் சில்வர் நைட்ரேட் 11 மி.லி. போல ஆகும். நீர்க்காமல் எடுத்தால் 110, பியூரெட்டோ 50தான்.

தொண்டி:
‘முடிவுகடத்தல்’?

பாம்பன்:
இந்தக் கரையில் ‘கடத்தல்’ என்று சிவப்பில் வந்தால் கஸ்டம்ஸ்தான் ஞாபகத்துக்கு வரும்! நான்காம் நிலையில் மின்கடத்துத்திறன் வேறு இருக்கிறது. வெறும் ‘தாண்டல்’ போதும்.

கீழக்கரை:
துணைக்கால் விட்டுப்போனால் ‘தண்டல்’. நம் கரையில் தோணித் தலைவர், உள்நாட்டில் வரி வசூல். இரண்டுக்கும் வேர் ஒன்றா என்பது தனிக் கேள்வி.

தேவிபட்டினம்:
தனியாகவே இருக்கட்டும். ஆய்வகத்தில் பிள்ளைகள் ‘ஓவராயிருச்சு சார்’ என்கிறார்கள். ‘ஓவர்’ என்றே போட்டால் யாருக்கும் அகராதி தேவைப்படாது.

இராமேஸ்வரம்:
அப்படிப் பார்த்தால் தரம்பார்த்தலையும் ‘டைட்ரேஷன்’ என்றே விட்டிருக்கலாம். நீரிணைக்கு அந்தப்புற இலங்கைப் பாடநூல்களில் அது ‘நியமிப்பு’. இங்கே கேட்டால் வேலை உத்தரவு என்பார்கள். சொல் புழங்கப் புழங்கத்தான் விளங்கும்.

மண்டபம்:
சொல்லை விடுங்கள், தாண்டுவது முக்கால்வாசி மாணவர் கை இல்லை, கைப்பேசி. சோதனைப் பதிப்பில் சொட்டுகளை சர்வர் எண்ணுகிறது. இணையம் மந்தமானால் விரலை எடுத்த பிறகும் நான்கு சொட்டு விழுகிறது. சொட்டுக்கு 0.05 என்றால் 0.2 மி.லி. திரும்பச் செய்த சுற்றுகளின் அளவீடுகள் 0.1 மி.லி.க்குள் ஒத்திருக்க வேண்டும் என்ற விதியோ அப்படியே நிற்கிறது! எண்ணிக்கையைக் கைப்பேசியிலேயே வையுங்கள். ‘ஒழுக்கு’, ‘சொட்டு’ என்று இரண்டு பொத்தான் வேண்டும், ஒரு தட்டுக்கு ஒரு சொட்டு. முதல் சுற்று உத்தேச அளவுக்கு. அதில் தாண்டினால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் வெளிர் நிறம் கண்ணுக்கே படாது, ஆகவே 30 நொடிக் கடிகாரம் நிறத்தோடு சேர்ந்து ஓடட்டும்.

பாம்பன்:
பொத்தானுக்கு ‘ஒழுக்கு’ நல்ல சொல். ‘ஒழுக்கம்’ பற்றி யாரும் மடல் எழுத வேண்டாம்.

இராமநாதபுரம்:
‘தாண்டல்’ என்றே ஏற்றிவிட்டேன், பக்கத்தில் அளவோடு: ‘தாண்டல் 0.15 மி.லி.’. இரண்டு பொத்தானும் சேர்ந்தாயிற்று. தேவிபட்டினம் இன்னும் ‘ஓவர்’ பக்கம்தான், தெரியும்.

கீழக்கரை:
ஒப்பவில்லை. மூன்றாம் நிலையில் சில்வர் குளோரைடை வடிகட்டும் படியே இல்லை. வடிகட்டாவிட்டால் தயோசயனேட் அந்த வீழ்படிவோடும் வினைபுரியும். முடிவைக் காட்டும் சிவப்பு நிற்காமல் மறையும், தயோசயனேட் அளவு கூடும், குளோரைடு குறைவாக வரும். மாணவர் ஒரு சொட்டும் தவறாக விடாதபோது திரை ‘தாண்டல்’ என்று குற்றம் சாட்டுமா? அங்கே வேறு சொல் வேண்டும்.