பார்வையற்ற மகளின் படிப்பு ஆசை

கேள்வி: ஏழு வயதாகும் என் மகளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அண்ணன் படிக்கும்போது அருகில் அமர்ந்து, புத்தகத்தின் வழவழப்பான தாளை விரலால் தடவி, "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்கிறாள். விளையாட அழைப்பாரும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி 1: விரலால் தடவிப் படிக்கும் புடைப்புப் புள்ளி எழுத்தான பிரெயிலிலிருந்து தொடங்குங்கள். சிறுவயதிலேயே பார்வையிழந்த லூயி பிரெயில், 1824இல், தமது 15ஆம் வயதில் உருவாக்கிய இம்முறையில் ஆறே புள்ளிகளிலிருந்து 63 வடிவங்கள் கிடைக்கின்றன. முட்டை அட்டையில் ஆறு குழிகளை மட்டும் வெட்டியெடுத்து, கோலிக்குண்டுகளை வைத்து, எழுத்துகளை விரலுக்குப் பழக்கலாம்.

மறுமொழி 2: நானும் பார்வையற்றவன்தான். எழுத்து வசப்பட்ட பின்னும், மற்றப் பிள்ளைகள் பந்தாடும் ஓசையை வாசற்படியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்; உள்ளே மணி வைத்த பந்து வந்த பிறகுதான் என்னையும் ஆட்டத்தில் சேர்த்தார்கள். அண்ணனும் பிரெயில் கற்கட்டும், ஐயா; இருவருக்கும் அது ரகசிய எழுத்தாகிவிடும்.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. முட்டை அட்டையை அவனே வெட்டிக்கொண்டிருக்கிறான்.