ரியூட் பழசு, டெபியன் புதுசு: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

விசுவமடுவிலிருந்து:

2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு நின்றதிலிருந்து எங்கள் பக்கத்தில் விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் பற்றி விசாரிப்பவர்கள் கூடிவிட்டார்கள். பாடசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் இருப்பவை பெரும்பாலும் வெளிநாட்டில் உள்ள ஊரவர்கள் அனுப்பிய பழைய கணினிகள். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி அவற்றில் கிடையாது. புரொசஸரும் அவர்களுடைய பட்டியலில் இல்லை. நன்றாக ஓடுகிற சாமானைத் தூக்கி எறிய யாருக்கு மனம் வரும்? அதனால் நான் லினக்ஸில் ஒரு வகையான டெபியன் போட்டுக் கொடுக்கிறேன்.

லினக்ஸ் நல்லதா கூடாததா என்று வாதாட இதை எழுதவில்லை. மென்பொருள் முன்னால் போய்விடுகிறது, அதைப் பற்றி எழுதி வைத்தது நின்ற இடத்திலேயே நிற்கிறது. அந்த இடைவெளி பற்றித்தான் பேச்சு. நகரத்தில் இருப்பவர் ஒரு கட்டளை வேலை செய்யாவிட்டால் உடனே தேடிப் பார்ப்பார். இங்கே ஒரு பெடியன் டேட்டா காட் முடிந்துவிடுமே என்று பயந்து பயந்து தேடுகிறான். அவன் முழுசாக நம்புவது கையில் இருக்கும் ரியூட்டை, அதாவது அச்சடித்த பாடக்குறிப்பை.

அப்படி ஒருவன் அண்மையில் வந்தான். உயர்தர மாணவன். மடிக்கணினியைத் திறந்து வைத்துவிட்டு, "சேர், இதில போட்டிருக்கிற மாதிரியேதான் செய்தனான். ஒண்டும் சரிவரேல்லை" என்றான். போட்டோக்கொப்பிக்கு மேல் போட்டோக்கொப்பி எடுத்து ஓரம் கறுத்துப்போன ரியூட். யார் எழுதியது, எப்போது எழுதியது என்று ஒரு இடத்திலும் இல்லை. உள்ளே 'பஸ்டர்' என்ற பதிப்புப் பெயர் இருந்தபடியால் டெபியன் 10 காலத்தது என்று கண்டுபிடித்தேன். அது 2019 இல் வெளிவந்தது. பெடியன் போட்டிருந்ததோ டெபியன் 12.

முதல் பக்கத்திலேயே, வைஃபைக்கான ஃபேம்வெயரை (அந்தச் சாதனத்தை இயக்கும் சிறு மென்பொருளை) வேறொரு பென்டிரைவில் இறக்கி வைக்கச் சொல்லியிருந்தது. அந்தக் காலத்துக்கு அது சரி. கட்டற்ற உரிமத்தில் வராத ஃபேம்வெயரை டெபியன் தன் அதிகாரபூர்வ நிறுவல் கோப்பில் சேர்க்காமலே இருந்தது. 2022 இல் உறுப்பினர்கள் வாக்கெடுத்து அதை மாற்றினார்கள். 2023 ஜூன் 10 அன்று வெளிவந்த டெபியன் 12 இல் ஃபேம்வெயர் கூடவே வருகிறது. இவன் அது தெரியாமல் பழைய பதிப்புக்கான கோப்பைத் தன் போன் டேட்டாவில் இறக்கியிருந்தான். அந்த டேட்டாவுக்கு யார் பொறுப்பு?

அடுத்தது பொதிகள், அதாவது நிறுவும் மென்பொருள்கள், எங்கிருந்து வரவேண்டும் என்று எழுதும் கோப்பு. பாதுகாப்புத் திருத்தங்களுக்கான வரியில் ரியூட் 'பஸ்டர்/அப்டேட்ஸ்' என்கிறது. பெடியன் மொக்கன் இல்லை. பஸ்டர் என்ற இடத்தில் டெபியன் 12 இன் பெயரான 'புக்வேர்ம்' என்று தானே மாற்றியிருந்தான். ஆனால் டெபியன் 11 இலிருந்து அந்தப் பெயரின் வடிவமே வேறு: பதிப்பின் பெயர், ஒரு சிறு கோடு, பிறகு 'செக்யூரிட்டி'. அவனுக்குக் கிடைத்தது 'ரிலீஸ் கோப்பு இல்லை' என்ற பிழைச் செய்தி. அதைப் பார்த்துவிட்டு நெட்தான் பழுது என்று றூட்டரை நிறுத்தி நிறுத்திப் போட்டிருக்கிறான், பாவம்.

அங்கிருந்து நெட்டைச் சோதிக்க ரியூட் சொன்ன கட்டளை இஃப்கொன்ஃபிக். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று கணினி சொல்லிவிட்டது. 2017 இல் வந்த டெபியன் 9 இலிருந்தே அதை இயல்பாகப் போடுவதில்லை. 'ஐபி' என்ற கட்டளை அந்த இடத்துக்கு வந்துவிட்டது. அப்படியானால் ரியூட் எழுதியவரும் தன் கணினியில் செய்து பார்த்து எழுதவில்லை. அவர் இன்னும் பழைய ஒன்றைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

இதில் டெபியன்காரரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு பதிப்போடும் வெளியீட்டுக் குறிப்பு ஒன்று வரும். அதன் ஐந்தாம் அத்தியாயம் முழுக்க, இந்தப் பதிப்பில் எது மாறியது, எங்கே தடுக்கி விழுவீர்கள் என்ற விபரம்தான். பாதுகாப்பு வரியின் பெயர் மாற்றம் டெபியன் 11 குறிப்பில் மாதிரி வரியோடு கிடந்தது. ஆங்கிலம், நீளம் என்று யாரும் திறப்பதில்லை. நான் இப்போது அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் பிரிண்ட் எடுத்து, பக்கத்தில் தமிழில் குறிப்பு எழுதி, எந்தப் பதிப்புக்கு என்பதை முதல் வரியில் பெரிதாகப் போட்டுத்தான் கொடுக்கிறேன்.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். எழுதுங்கள்.

மாங்குளத்திலிருந்து:

எனக்கு நேர்மாறாக நடந்தது. 2022 மார்ச் கடைசி, நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நேரம். நிலையத்துக் கணினி ஒன்றில் பொதிகளைப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன், பாதியில் கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் பெயருக்குத்தான் இருந்தது. திரும்பக் கரண்ட் வந்து இயக்கினால் எதையும் நிறுவ முடியவில்லை.

ஆனால் திரையிலேயே எழுதியிருந்தது: பொதிகளை நிறுவும் டிபிகேஜி இடையில் நின்றுவிட்டது, இந்தக் கட்டளையைக் கொடு என்று கட்டளையையும் முழுசாகப் போட்டிருந்தார்கள். கொடுத்தேன், விட்ட இடத்திலிருந்து பிடித்து முடித்தது. நெட்டும் இல்லாமல் ரியூட்டும் இல்லாமல் அந்த இரண்டு வரி எனக்குப் போதும். அதை எழுதி வைத்தவர் எந்த நாட்டுக்காரரோ, மின்வெட்டில் அடிபட்ட ஆளாகத்தான் இருக்கவேண்டும்.

ஒட்டுசுட்டானிலிருந்து:

டிவிடியால் போட்டவர்களுக்கு ஒரு விஷயம். பிறகு எதை நிறுவப்போனாலும் 'இன்ன பெயருள்ள டிஸ்க்கைப் போடு' என்று கேட்டுக்கொண்டே நிற்கும். எங்கள் நிலையத்தில் ஒரு தங்கச்சி அந்த டிஸ்க்கைத் தேடி அலுமாரி முழுக்கக் கிளறிவிட்டா. டிஸ்க் தேவையில்லை. பொதி மூலக் கோப்பில் 'டெப் சிடிரொம்' என்று தொடங்கும் வரிக்கு முன்னால் ஒரு ஹாஷ் அடையாளம் போட்டால் கேட்காது.

வவுனியாவிலிருந்து:

தமிழ் மொழிபெயர்ப்பிலும் இதே கதைதான். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

டெபியன் நிறுவியைத் தமிழிலேயே ஓட்டலாம் என்பது எல்லோருக்கும் தெரியாது. வரைகலை நிறுவியைத் தெரிவுசெய்தால் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கும். எழுத்து மட்டும் காட்டும் நிறுவியில் போய்த் தேடினால் கிடைக்காது, அந்தத் திரைக்குத் தமிழ் வடிவங்களைக் காட்டத் தெரியாது. ஆசை ஆசையாகத் தமிழில் தொடங்கினேன். சில திரைகள் தமிழ், திடீரென்று ஒரு வசனம் ஆங்கிலம், பிறகு திரும்பத் தமிழ். யாரோ அரைகுறையாக விட்டுவிட்டுப் போனார்கள் என்று எண்ணி மொழிபெயர்ப்புக் கோப்பைத் திறந்தேன். பார்த்தால் அந்த ஆங்கில வசனங்களில் சிலவற்றுக்குத் தமிழும் இருக்கிறது. ஆனால் மேலே 'ஃபஸ்ஸி' என்று குறி.

மூல ஆங்கில வசனத்தில் யாராவது ஒரு சொல்லைத் திருத்தினால், பழைய மொழிபெயர்ப்பு இனிப் பொருந்துமோ தெரியாது என்று கருவி இந்தக் குறியைப் போட்டுவிடும். ஒருவர் வந்து வாசித்து, சரி என்று குறியை எடுக்கும்வரை அந்தத் தமிழ் திரைக்கு வராது. பல இடங்களில் நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை, வாசித்துக் குறியை எடுத்ததுதான் வேலை. ஆனால் அதைச் செய்ய ஆள் வேண்டுமே. புதிதாக மொழிபெயர்க்கக் கூப்பிட்டால் பத்துப் பேர் வருவார்கள், பழையதைப் பார்த்துச் சரிசெய்யக் கூப்பிட்டால் தொலைபேசி எடுக்கமாட்டார்கள். படத்தோடு செய்தி வராத வேலை.

இன்னொன்று. நிறுவல் கையேட்டில் ஒரு பந்தி பழைய பதிப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. டெபியனில் பிழை அறிவிக்கக் கணக்குத் திறக்க வேண்டியதில்லை, ஒரு மின்னஞ்சல் போதும். பொதியின் பெயரையும் பதிப்பையும் முதல் வரிகளில் போட்டு அனுப்பினால் அதற்கு ஒரு இலக்கம் கிடைக்கும். வலுக்குறைந்த நெட்டில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் காணவில்லை. எங்கள் வீட்டில் சிக்னல் மாமரத்தடியில்தான் வரும். அங்கே போனை வைத்துவிட்டு வந்தால் கடிதம் தானாகப் போய்விடும்.

அந்தப் பந்தியைப் பற்றி அப்படி எழுதினேன், கையேட்டைப் பராமரிப்பவரிடமிருந்து பதில் வந்தது. நன்றி சொல்லிவிட்டு, "மாற்று வசனத்தை நீங்களே எழுதித் தரமுடியுமா?" என்று கேட்டிருந்தார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான், பிழை சொன்னவளிடமே வேலையைத் தருகிறார்களே என்று. பிறகு எழுதி அனுப்பினேன். அது உடனே யாருக்கும் தெரியவில்லை, கையேடு அடுத்த முறை உருவாக்கி வெளியிடப்பட்டபோதுதான் வந்தது.

பரந்தனிலிருந்து:

நான் கொஞ்சம் விலகிப் போகிறேன், கோபிக்க வேண்டாம். டெபியன் 13 (2025 ஓகஸ்ட் 9) இல் பழைய 32 பிட் கணினிகளுக்கு நிறுவியே கிடையாது. என்னிடம் இருந்த கணினி அந்த இனம். ஹைக்கூ என்ற இன்னொரு இயங்குதளத்தைப் போட்டுப் பார்த்தேன். பீஓஎஸ் என்ற பழைய இயங்குதளத்தைத் திரும்பக் கட்டும் வேலை, 2001 இல் தொடங்கியது, இன்னும் பீட்டாதான். ஐந்தாவது பீட்டா 2024 செப்டெம்பரில் வந்தது. வேகமோ வேகம். மாதாமாதம் என்ன செய்தோம் என்று அவர்கள் எழுதும் அறிக்கை கதைப் புத்தகம் போல் வாசிக்கலாம். பாவனையாளர் கையேடும் கணினிக்குள்ளேயே வருகிறது, நெட் தேவையில்லை.

தமிழ்தான் சரிவரவில்லை. கோப்பின் பெயரைத் தமிழில் போட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. மகள் பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள்.

அறிவியல் நகரிலிருந்து:

பொறியியல் பீடத்தில் படிக்கிறேன். விசுவமடு சேர் சொன்ன 'எப்போது எழுதியது' என்ற கேள்விக்கு ஓபன்பிஎஸ்டி என்ற கட்டற்ற இயங்குதளம் நல்ல பதில் வைத்திருக்கிறது. அதன் கையேட்டுப் பக்கம் ஒவ்வொன்றின் அடியிலும் கடைசியாகத் திருத்திய திகதி இருக்கும். நிரலில் ஒன்றை மாற்றுகிறவர் கையேட்டுப் பக்கத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். கையேட்டில் பிழை இருந்தால் அதையும் மென்பொருளில் பிழை என்றே எடுக்கிறார்கள். எல்லாம் அமைப்போடு சேர்ந்தே இறங்குவதால் விடுதியில் நெட் இல்லாத இரவிலும் வாசிக்கலாம்.

அதே குடும்பத்து ஃப்ரீபிஎஸ்டி இன்னொரு மாதிரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிலவர அறிக்கை வெளியிடுகிறார்கள், அதில் ஆவணக் குழுவுக்கும் தனிப் பகுதி உண்டு. 2021 இல் தங்கள் கையேடுகள் அத்தனையையும் டொக்புக் என்ற எக்ஸ்எம்எல் வடிவத்திலிருந்து எளிதாக எழுதக்கூடிய அஸ்கிடொக்குக்கு மாற்றினார்கள். வெளியாள் பார்த்தால் வீண்வேலை மாதிரி இருக்கும். ஆனால் ஒரு கமாவைத் திருத்துவதற்கே எக்ஸ்எம்எல் படிக்கவேண்டும் என்றால் புதியவர் யார் வரப்போகிறார்கள்? முன்னேற்ற அறிக்கையை மட்டும் வடிவாக எழுதிவிட்டு ஆவணத்தைக் கைவிடுகிற திட்டங்களைப் பார்த்தால் எனக்கு, வாய்க்காலைத் துப்பரவு செய்யாமல் குளக்கட்டை மட்டும் உயர்த்துவதுதான் ஞாபகம் வரும். இரணைமடுவில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் கடைக்கோடி வயலுக்கு வந்து சேரவேண்டுமே.

முல்லைத்தீவிலிருந்து:

நான் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். எல்லோரும் வடிவாகக் கதைக்கிறீர்கள். என் கடைக்கு வருகிற சனம் கேட்பது காணிக் கடிதமும் மரண அறிவித்தலும். எல்லாம் பாமினி. பாமினி ஓடாத கணினி எனக்கு எதற்கு? ஒரு தம்பி ஏதோ வழிகாட்டி பார்த்து லினக்ஸில் பாமினி போடுகிறேன் என்று ஒரு பின்னேரம் முழுக்க இருந்துவிட்டு எழும்பிப் போனவர்.

விசுவமடுவிலிருந்து:

அண்ணை, பாமினி ஓடும். அது சாதாரண எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவை வரைந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கடிதம் தட்டும் மென்பொருளான லிபர்ஓபிஸுக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. பழைய வழிகாட்டிகள் வீட்டு அடைவில் 'டொட் ஃபொன்ட்ஸ்' என்ற மறைந்த கோப்புறையில் போடச் சொல்லும். அது இன்னும் வேலை செய்யும், ஆனால் இனி எடுத்துவிடுவோம் என்று அமைப்புக் கோப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இப்போதைய இடம் 'டொட் லோக்கல்', அதற்குள் 'ஷெயர்', அதற்குள் 'ஃபொன்ட்ஸ்'. அங்கே போட்டுவிட்டு எஃப்சி-கேஷ் என்று ஒருமுறை ஓட்டி, லிபர்ஓபிஸை மூடித் திறந்தால் பட்டியலில் பாமினி நிற்கும்.

யுனிகோடில் ரெங்கநாதன் விசைப்பலகை வேண்டுமென்றால் ஐபஸ்-எம்17என் பொதியைப் போடுங்கோ, அதற்குள் இருக்கிறது. அமைப்பின் விசைப்பலகைப் பட்டியலில் இலங்கைக்குக் கீழே தமிழ் என்று வருவது தமிழ்நெட் 99 என்ற வேறு விசை அமைப்பு. அதைத் தெரிவுசெய்துவிட்டுத்தான் பலர் எழுத்து மாறி வருகிறது என்று விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தத் தம்பிக்கும் அப்படித்தான் நடந்திருக்கும்.

முல்லைத்தீவிலிருந்து:

சரி, ஃபொன்டை நான் போட்டுப் பார்க்கிறேன். பிரிண்டர் பிடிக்குமோ?

விசுவமடுவிலிருந்து:

மொடல் இலக்கத்தை எழுதுங்கோ அண்ணை, பார்த்துச் சொல்கிறேன்.