கடன் வாங்கிக் கழிப்பதற்கு ஒரு சொல் வேண்டும்

தக்கலை:
குழுவினருக்கு வணக்கம். தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு மாணவர்களுக்கான கணிதக் கற்பித்தல் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கழித்தல் பாடத்தில், ஒரே சொல்லில் வண்டி நிற்கிறது. 42இலிருந்து 17ஐக் கழிக்க, ஒரு பத்தை எடுத்துப் பத்து ஒன்றுகளாக்குகிறோம். அந்தச் செயலுக்குப் பெயர் என்ன? பாடநூலில் 'இனமாற்றம்' என்று இருக்கிறது. பயிற்சிக்குப் போகும் எங்கள் மாணவர்கள் வகுப்பறையில் அதை வாயில் எடுப்பதில்லை. 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்கிறார்கள். அவர்கள் படித்ததும் அப்படித்தான்.

402இலிருந்து 158ஐக் கழிக்கும்போது இந்தக் கடன் கதை கவிழ்ந்துவிடுகிறது. பக்கத்து வீட்டில் சுழியம். அதற்கடுத்த வீட்டில் வாங்கு என்கிறார் பயிற்சி ஆசிரியை. 4 மூன்றாகிறது, 2 பன்னிரண்டாகிறது, நடுவில் சுழியத்தின் தலையில் 9 வந்து உட்காருகிறது. 'இந்த 9 யார் வீட்டிலிருந்து வந்தது, டீச்சர்?' என்று ஒரு பிள்ளை கேட்டால் பதில் இல்லை. கேட்காத பிள்ளைகள் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, 42க்கும் 17க்கும் 35 என்று எழுதிவிட்டுப் போகிறார்கள்.

ஏழு வயதுப் பிள்ளையிடம் ஏவலாகச் சொல்லக்கூடிய வினைச்சொல் வேண்டும். 'எண்ணென்ப ஏனை எழுத்தென்ப' என்ற குறள் 392ஐ யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

பூதப்பாண்டி:
இருக்கும் சொல்லைக் கைவிடுவானேன்? 'இனம்' என்றதும் சாதி, குலம் என்று மனம் ஓடுவது நம் காலத்துக் கோளாறு. வல்லினம், மெல்லினம், இடையினம் என்று சிறு வகுப்பிலேயே படிக்கிறோமே, அங்கே எழுத்துகள் சாதி பார்த்தா நிற்கின்றன? 'இனச்சுட்டில்லாப் பண்புகொள் பெயர்க்கொடை' என்று தொல்காப்பியர் சொன்ன இனமும் வகைதான். பத்து ஒரு வகை, ஒன்று ஒரு வகை. ஆகவே இனமாற்றம் குறையற்ற சொல்.

குறை 'கடன்' என்பதில்தான். 'ஈன்று புறந்தருதல்' தன் தலைக்கடன் என்கிறாள் புறநானூற்றுத் தாய். கடமையைக் குறித்த அந்தச் சொல்லைக் கழித்தல் கணக்கில் அடகு வைத்துவிட்டோம்.

குளச்சல்:
ஐயா கடனை இவ்வளவு பழிக்க வேண்டாம். எங்களுக்குச் சொல்லித் தந்த வாத்தியாரின் முறையில் கடன் ஒழுங்காகத் திரும்பி வந்தது. மேலே 2ஐப் பன்னிரண்டாக்குவோம். 4ஐத் தொட மாட்டோம். அதற்குப் பதிலாகக் கீழே உள்ள 17இன் 1ஐ இரண்டாக்குவோம். 12இல் 7 போக 5, 4இல் 2 போக 2, விடை 25. மேலே கூட்டிய பத்தைக் கீழேயும் கூட்டியதால் வித்தியாசம் மாறவில்லை. வாங்கினோம், கொடுத்தோம், கணக்குத் தீர்ந்தது. நீங்கள் முறையை மாற்றிவிட்டு அதன் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இப்போதைய முறைக்குப் பொருத்தமான சொல் கடைத்தெருவிலேயே இருக்கிறது: சில்லறை மாற்றுதல். திருவிதாங்கூர்க் காலத்தில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். ரூபாயைக் கொடுத்து மூன்று சக்கரத்துக்கு உப்பும் மிளகாயும் வாங்கினால் 25 சக்கரம் திரும்பி வரும். கடைக்காரர் யாரிடமும் கடன் கேட்கவில்லை, ரூபாயைச் சில்லறையாக்கினார். பத்தாக இருந்தாலும் இருபத்தெட்டாக இருந்தாலும் செயல் ஒன்றுதான்.

குலசேகரம்:
குளச்சல் அண்ணாச்சி சக்கரத்தில் தொடங்கினால் நாம் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த 1956 நவம்பர் 1இல் போய்த்தான் நிற்போம். அந்த விவாத இழை தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது, இங்கே வேண்டாம்.

ஆனால் அவர் சொல்லும் கருத்துக்கு ஆதரவு இருக்கிறது. கணிதக் கல்வி ஆய்வாளர் லிப்பிங் மா 1999இல் வெளியிட்ட ஆய்வில் 23 அமெரிக்க ஆசிரியர்களையும் 72 சீன ஆசிரியர்களையும் ஒப்பிட்டார். கேள்விகளில் ஒன்று இதே கழித்தல்தான். அமெரிக்கத் தரப்பில் கடன் பேச்சு மிகுதி. சீன ஆசிரியர்கள் பெரும்பாலும் உயர்ந்த அலகு ஒன்றை உடைப்பதாகப் பேசினார்கள். ஆசிரியர் பயன்படுத்தும் சொல்லிலேயே அவருடைய கணிதப் புரிதல் தெரிந்துவிடுகிறது. அதனால் என் முன்மொழிவு 'கட்டுடைத்தல்'.

பூதப்பாண்டி:
தம்பி, கட்டுடைப்பு என்பதைத் இலக்கியத் திறனாய்வாளர்கள் பிரெஞ்சு மெய்யியலாளர் தெரிதாவுக்காக எப்போதோ பட்டா போட்டுவிட்டார்கள். இரண்டாம் வகுப்பில் அது வேண்டாம்.

'சில்லறை'யும் வேண்டாம். சொல் தமிழ்தான், அதில் ஐயமில்லை. ஆனால் 'சில்லறைத்தனம்' என்று வைகிற சொல்லைப் பாடநூலில் ஏற்றலாமா?

தோவாளை:
வணக்கம். நான் இரண்டாம் ஆண்டு பயிற்சி மாணவி. இங்கே முதல்முறையாக எழுதுகிறேன், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கற்பித்தல் பயிற்சியின்போது ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கொண்டுபோனேன். இரண்டு குச்சியை வைத்துக்கொண்டு ஏழு குச்சி கொடு என்றதும், நான் சொல்லித் தருவதற்கு முன்பே பிள்ளைகள் 'கட்டைப் பிரி' என்றார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பூச்சந்தையில் கட்டுவதையும் பிரிப்பதையும் தினமும் பார்ப்பவர்கள்.

தக்கலை அக்கா கேட்ட 402ஐயும் மூன்றாம் வகுப்பில் செய்து பார்த்தோம். பத்துச் சிறு கட்டுகளைச் சேர்த்தால் ஒரு பெருங்கட்டு. நான்கு பெருங்கட்டில் ஒன்றைப் பிரித்தால் பத்துச் சிறு கட்டுகள். அவற்றில் ஒன்றைப் பிரித்தால் பத்துக் குச்சிகள். மிச்சம் ஒன்பது சிறு கட்டுகள் மேசையிலேயே கிடந்தன. 9 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

தக்கலை:
இதைக் கையேட்டில் அப்படியே சேர்க்க அனுமதி வேண்டும், தங்கையே. பிறகு எழுதுகிறேன்.

பூதப்பாண்டி:
மாணவியின் செய்முறை நன்று. சொல்லில் ஓர் இடர் உண்டு. 'ஆறு மாம்பழத்தை மூன்று பேருக்குச் சமமாகப் பிரி' என்று வகுத்தலுக்கும் அதே வினையைத்தானே சொல்லப்போகிறீர்கள்? ஆகவே 'அவிழ்த்தல்' என்க. கட்டவிழ்த்தல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒன்பதுக்குப் பழம்பெயர் தொண்டு. மலைபடுகடாத்தில் 'தொண்டுபடு திவவின்' என்று யாழைப் பாடியிருக்கிறது. திவவு என்பது யாழ்த்தண்டின் வார்க்கட்டு. மாணவியின் மேசையில் எஞ்சியவையும் ஒன்பது கட்டுகள், அதாவது தொண்டு திவவு! எண்ணைக் கட்டாகக் காணும் மனம் நமக்கு அன்றே இருந்திருக்கிறது. 'திவவவிழ்த்தல்' என்று ஒரு சொல் ஆக்கினால் என்ன? தொண்ணூறு, தொள்ளாயிரம் என்ற வடிவங்களையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதை நாளை விரிவாக எழுதுகிறேன்.

குலசேகரம்:
ஐயா, வெள்ளிக்கிழமை.

பூதப்பாண்டி:
வெள்ளிக்கிழமைக்கு உதவும் செய்தியும் இருக்கிறது. பழைய தமிழ் எண்முறையில் பத்துக்குத் தனிக்குறி உண்டு. 42 என்பது ௪௰௨, நான்கு பத்து இரண்டு. இடத்தை ஊகிக்க வேண்டியதில்லை, பத்து கண்ணெதிரே நிற்கிறது. அதை ௩௰ என்றும் பன்னிரண்டு ஒன்றுகள் என்றும் எழுதச் சொன்னால் பயிற்சி மாணவர்களுக்கே விளங்கும்.

மட்டுறுத்துநர்:
யாழ் பற்றிய மடல்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். தொண்ணூறு பற்றி எழுதுவோர் அங்கே எழுதலாம்.

தக்கலை:
நேரம் இல்லாததால் முடிவு எடுத்துவிட்டேன். பாடத் தலைப்பில் பாடநூலோடு ஒத்துப்போக 'இனமாற்றம்' இருக்கும். ஆசிரியர் பிள்ளைகளிடம் பேசும் உரையாடல்களில் 'கட்டை அவிழ்' என்று வரும். தோவாளைத் தங்கையின் 'பிரி' எனக்குப் பிடித்திருந்தாலும் வகுத்தல் பாடத்தை நினைத்து விட்டுவிட்டேன். ௪௰௨க்கு ஒரு பெட்டிச் செய்தி உண்டு. தனிமடலில் கருத்துச் சொன்ன பெரும்பாலோர் 'ஏதாவது ஒன்றைப் போடுங்கள்' என்றார்கள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறேன்.

குளச்சல்:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 5 மணி 10 நிமிடத்திலிருந்து 2 மணி 40 நிமிடத்தைக் கழிக்க எந்தக் கட்டை அவிழ்ப்பீர்கள்? மணிக்கு யார் ரப்பர் வளையம் போட்டது? சில்லறை என்றால் ஒரு மணிக்கு அறுபது நிமிடம் என்று நேராகச் சொல்லிவிடலாம்.

தோவாளை:
ஐயா சொல்வது சரிதான். ஆனால் இப்போது வீட்டில் பெட்டிக்கடைக்கு அனுப்பினால்கூடப் பிள்ளைகள் கையில் செல்பேசியோடு போகிறார்கள். என் வகுப்பில் சில்லறை மாற்றிப் பார்த்திராத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

குளச்சல்:
அப்படியானால் முதலில் சில்லறையைக் கற்பியுங்கள். இன்னொன்று. கூட்டலில் பத்து சேர்ந்ததும் அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகும் ஒன்றை 'மீதி' என்கிறீர்கள். வகுத்தலில் மிஞ்சுவதும் மீதி. அதற்குத் தனி இழை தொடங்கியிருக்கிறேன், பூதப்பாண்டி ஐயா முதலில் வரவும்.